எல்லாம் எர்த் கோளாறுதான்

பழைய கார் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் ஒரு சாதி, தள்ளுகிறவர்கள் ஒரு சாதி. இரண்டிலும் சேராத மூன்றாவது சாதி ஒன்று உண்டு: வயர் வைத்தியர்கள். உங்கள் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். விடுமுறை நாள் காலையில், வாசலில் நிற்கும் காரின் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மீதிப் பாதி டாஷ்போர்டுக்கு அடியில் உயிரோடுதான் இருக்கிறது. போதாக்குறைக்குப் பேசிக்கொண்டும் இருக்கிறது.

என்ன பேசும்? "எர்த் சரியில்ல" என்று பேசும். எர்த் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பல்புக்குப் போன மின்சாரம் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பி வருகிற பாதை, அவ்வளவுதான். ஆனால் வயர் வைத்தியருக்கு உலகத்தின் சகல துன்பங்களுக்கும் அதுவே மூலம். ஹாரன் அடிக்கவில்லையா? எர்த். ரேடியோ கரகரக்கிறதா? எர்த். மச்சான் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையா? அதைக்கூட ஒரு கம்பியைச் சுரண்டி முடுக்கினால் சரிசெய்துவிடலாம் என்று மனதார நம்புகிற ஜீவன் அவர்.

எனக்குத் தெரிந்த வயர் வைத்தியர் ஒருவருக்கு ஒரு மகள். நர்ஸ் படிப்பு முடித்து, நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிற நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, டிரைவிங் லைசென்ஸ் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை டெஸ்டுக்குப் போய், மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டு தோற்றுவிட்டாள். திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட். இதிலும் கோட்டை விட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். டெஸ்டுக்குச் சொந்த வண்டியைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்த நிலைமையில், சனிக்கிழமை காலை பார்த்தால், வண்டியின் இடது பக்க இண்டிகேட்டர் எரியவில்லை.

"பல்பு போயிருக்கும். மாத்திப் பாருங்களேன்" என்றார் மனைவி.

வைத்தியர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பல்பெல்லாம் கடைசியிலதான் பாக்கணும். மொதல்ல ரூட்டைப் பிடிக்கணும். சின்ன லூஸ் கனெக்‌ஷன்தான். சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடுவேன்."

எந்தச் சாப்பாடு என்று அவர் சொல்லவில்லை.

இண்டிகேட்டர் பல்பு வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. ஆகவே அவர் முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். டாஷ்போர்டைக் கழற்றினார், டாஷ்போர்டைக் கழற்ற ஸ்டியரிங் மூடி இடைஞ்சல் என்று அதைக் கழற்றினார், வயர் தரைவிரிப்புக்கு அடியில் ஓடுகிறது என்று சீட்டுகளைக் கழற்றினார், சீட்டுகளை வாசலில் போட்டதும் பக்கத்து வீட்டு ரிட்டையர்டு மானேஜர் பேப்பரோடு வந்து அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, "ஃப்யூஸ் பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். கழற்றின ஸ்க்ரூக்கள் எல்லாம் வீட்டில் இருந்த ஒரே டீ வடிகட்டியில் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் டீ இல்லை.

ஃப்யூஸ் பார்ப்பதும் பல்பு பார்ப்பதும் வயர் வைத்தியருக்குக் கௌரவக் குறைச்சல் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சளிக்கு வந்தவனை உடம்பு முழுக்க அறுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

பாதி வழியில் ஓர் ஒட்டுப்போட்ட இடம் அகப்பட்டது. இரண்டு வயர்களைக் கன்னாபின்னாவென்று முறுக்கி, மேலே எதையோ சுற்றியிருந்தது. வைத்தியருக்கு வந்ததே கோபம்!

"எந்தப் படுபாவி பண்ணின வேலை இது? கையில விலங்கு மாட்டணும் அவனுக்கு! இதெல்லாம் ஒரு ஒட்டா?"

மனைவி குனிந்து பார்த்தார். "சுத்தியிருக்கிறது என்னங்க அது, பிளாஸ்திரியா?"

"ஆமா, பிளாஸ்திரி! வயருக்குப் போய் எவனாவது பிளாஸ்திரி ஒட்டுவானா?"

"பூனை படம் போட்டிருக்கா பாருங்க."

பார்த்தார். போட்டிருந்தது.

"பாப்பா சைக்கிள்ல விழுந்தப்ப முழங்காலுக்கு நான் வாங்கி வெச்சது. டப்பாவோட காணோம்னு வீடு பூரா தேடினேன்."

வைத்தியர் தலையை மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு இருந்த நெலமைக்கு அது சரியான வேலைதான்" என்று ஒரு குரல் வந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று, மொத்தப் பழைய வயரையும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார் மனிதர். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கம்பெனிக்காரன் எதற்காக விதவிதமாகப் போட்டான்? எது எங்கே போகிறதென்று பிற்பாடு தெரிவதற்காக. வைத்தியரிடம் இருந்ததோ, வீட்டுக்கு ஃபேன் மாட்டியபோது மிஞ்சிய ஒரு சுருள் கறுப்பு வயர். தலையிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு. "பாக்க எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க" என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது வடிகட்டியில் ஒரு கைப்பிடி அளவு ஸ்க்ரூ மிச்சம். "அது எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் ஒரு தைரியத்துக்குப் போட்டிருப்பான்."

சாவியைத் திருப்பினார். பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது. ஹாரனை அமுக்கினால் உள்விளக்கு எரிந்தது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தது. வைப்பர் சுவிட்சைத் தட்டினால், என்ன ஆச்சரியம், இடது பக்க இண்டிகேட்டர் கண் சிமிட்டியது!

"எரியுது பாத்தியா!" என்று குதித்தார் வைத்தியர்.

மகள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். "அப்பா, எனக்கு நாளைக்கு டெஸ்டுப்பா! உங்களுக்குப் புரியுதா இல்லையா? இந்த வேலை போச்சுன்னா நான் என்னப்பா பண்றது?" அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, எந்தச் சுவிட்சைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். வேறு என்ன வழி இருக்கிறது, சொல்லுங்கள்?

திங்கட்கிழமை, டெஸ்ட் மைதானம். பரிசோதகர் விறைப்பான ஆள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அப்பா பயபக்தியோடு மைதானத்து ஓரமாக நின்றுகொண்டார்.

"லெஃப்ட்ல திரும்பு."

மகள் வைப்பர் சுவிட்சைத் தட்டினாள்.

"ஏம்மா, மழையா பேயுது?"

"சார், எங்க வண்டியில லெஃப்ட் இண்டிகேட்டர் இதுதான் சார்."

பரிசோதகர் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தார். விளக்கு சிமிட்டியது. "நிறுத்து" என்றார். பிரேக்கை மிதித்தாள். ஹாரன் மைதானமே அதிர அலறியது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்துச் சீட்டில் ஆளைக் காணோம். கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எர்த் சரியில்லம்மா" என்றது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல். அதில் அப்படி ஒரு பரவசம்!

அப்பா ஓடி வந்தார். "நானும் அதேதான் சார் சொன்னேன்!" இன்னொரு கதவு வழியாக அவரும் உள்ளே நுழைந்தார். இப்போது நான்கு கால்கள். டெஸ்டுக்கு வரிசையில் நின்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ரிலே என்றார், ஒருவர் பேட்டரி என்றார். தைரியசாலி ஒருவர் தன் பையிலிருந்து ஸ்பானரையே எடுத்துவிட்டார். மகள் நடுவில் நின்றாள்.

"சார்... என் டெஸ்டு?"

"இந்த வண்டிய வீட்டிலேருந்து நீதான் ஓட்டிக்கிட்டு வந்தியா?"

"ஆமா சார்."

"வழியில யார் மேலயாவது இடிச்சியா?"

"இல்ல சார்."

"இதையே ஓட்டிட்ட, அப்புறம் உனக்கு என்ன டெஸ்டு? பாஸ். கொஞ்சம் அந்த டார்ச்சப் பிடி."

அவள் வேலைக்குப் போகிறாள். ஆபீஸ் வண்டி கொடுத்திருக்கிறார்கள். அதில் இடது என்றால் இடதுதான். அப்பாவோ, மகள் பாஸானதே தம்முடைய வயரிங்கால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். விடுமுறை நாள்களில் பரிசோதகரும் அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

போகட்டும், ஒன்று கேட்கிறேன். அந்த இடது இண்டிகேட்டர் எரியவில்லை என்று நான் சொன்னதுமே உங்கள் மனதுக்குள் ஏதோ ஒன்று ஓடியதல்லவா? "ஃபிளாஷர் யூனிட்டா இருக்குமோ", "பின்னாடி ஹோல்டர்ல துரு பிடிச்சிருக்கும்" என்று? அந்த வண்டியை நீங்கள் பார்த்ததுகூடக் கிடையாது. அது என்ன நிறம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. அதற்குள் கழற்றவே ஆரம்பித்துவிட்டீர்கள். தயவுசெய்து கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது எங்கேயாவது போக வேண்டியிருக்கும்.