நதிமொழியாரின் நடுங்கும் தட்டு

ஆறு பேசுகிறதாம்! கேட்பதற்கு ஜனம் முண்டியடித்தது. மேல்மடைக்காரர்கள் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். கடைமடைக்காரர்கள் கால்கடுக்க நடந்து வந்தார்கள். ஆற்றங்கரை மேடையில், மைக்குக்கு முன்னால், வழித்த தலையும் வழிக்காத தாடியுமாக நதிமொழியார் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் ஓயாமல் பாட்டு. அவர் எதிரே ஒரு வெண்கலத் தட்டு. தட்டு நிறைய ஆற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் தானாக நடுங்கும். நடுங்கினால் ஆற்றுக்குக் கோபம் என்று அர்த்தம். என்ன கோபம் என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இவ்வளவு பெரிய ஆறு எதற்காக ஆள் வைத்துப் பேசுகிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள், பக்கத்தில் நிற்பவர் முறைப்பாரே!

முன்பெல்லாம் வாராவாரம் இரண்டு ஊரும் மதகடியில் கூடும். யாருக்கு எத்தனை நாள் தண்ணீர், மீன் பிடிக்கிறவர்களுக்காக ஆற்றில் எவ்வளவு விட்டுவைப்பது என்று தொண்டை வற்றக் கத்துவார்கள். கத்தி முடித்து ஒரு முறை வைப்பார்கள். முறைப்படி மதகு திறக்கும். அலுப்பான வேலைதான், யார் இல்லையென்றது? நதிமொழியார் வந்து, இனிமேல் கூட்டமும் வேண்டாம் சண்டையும் வேண்டாம், ஆறே சொல்லும் என்றார். அப்பாடா என்று எல்லாரும் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மேல்மடைப் பண்ணைக்காரர் தம் வயலோரத்திலேயே மேடை கட்டிக் கொடுத்தார். என்ன தாராளம்!

ஆறு களைத்துவிட்டது, கடைமடை மதகை மூடுங்கள், மேல்மடையிலும் யாரும் மோட்டார் போடாதீர்கள் என்று உத்தரவாயிற்று. பண்ணைக்காரர்தான் முதல் ஆளாக எழுந்து, தம் மோட்டாரை இனித் தொடுவதில்லை என்று கையடித்துச் சத்தியம் செய்தார். அப்புறம் இரண்டு ஊரும் காய்ந்தன. அவர் வயல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பக்திக்குக் கிடைத்த பலன் என்று ஜனம் மெய்சிலிர்த்தது.

கடைமடையில் மிளகாய் போட்டிருந்தாள் ஒருத்தி. ஊர் அவளை 'வாயாடி' என்று கூப்பிடும். கேள்வி கேட்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பூவும் பிஞ்சுமாக நின்ற செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. இந்த வாரமும் தண்ணீர் வராவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குச் செங்கல் சுமக்கப் போக வேண்டியதுதான். அவள் புருஷனோ தினமும் மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் கைகட்டி நின்றான்.

அவனைத் தேடி வந்த அன்றைக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள். கரண்ட் போனது. மைக் செத்தது. அதே நொடியில் தட்டுத் தண்ணீரும் அசையாமல் நின்றது. கரண்ட் திரும்பியது. மைக்கும் திரும்பியது, ஆற்றின் கோபமும் திரும்பியது. மின்சார இலாகாவுக்கு அடங்கி நடக்கிற ஆற்றை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பச்சை வயலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஓர் அலுமினியத் தட்டில் தண்ணீரோடு வந்து, வெண்கலத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் நடுங்கியது.

"இது மழைத்தண்ணிங்க. எங்க வீட்டு டிரம்முல புடிச்சு வெச்சது. ஆத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுக்கு என்னங்க கோவம்?"

கூட்டம் திகைத்தது. நதிமொழியார் திகைக்கவில்லை, தொழில் தெரிந்தவர். "அது கோவம் இல்லம்மா. ஆத்தோட கோவத்தைப் பாத்து அது பயப்படுது" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. அவள் புருஷன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அவள் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். மானத்தை வாங்காதே என்று அவன் பல்லைக் கடித்தான்.

"பண்ணைக்காரர் மோட்டார் ஓடுதா, இல்லியா?"

"அதான் அவரு சத்தியம் பண்ணிட்டாரே."

"அப்ப அவரு வயலோரக் கம்பத்துல இருக்கிற மோட்டார் ஃபியூஸைப் போய்ப் புடுங்கு. ஓடாத மோட்டாருக்கு ஃபியூஸ் எதுக்கு? அதுக்கப்புறமும் தட்டு ஆடுச்சுன்னா நான் இனிமே வாயே திறக்கல."

வாயே திறக்கமாட்டாள் என்றதும் அவன் ஓட்டமாக ஓடினான்.

மேடையில் நதிமொழியார் கண்ணை மூடினார். மைக் முழங்கியது. "கொந்தளிக்குது! ஆறு கொந்தளிக்குது! அறுவடை வரைக்கும் மதகைத் தொடாதீங்க! நடுங்குது பாருங்க!"

பார்த்தார்கள். தட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவருடைய தாடி அதில் முடி முடியாகத் தெரிந்தது. அவர் விடாமல் கொந்தளித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு வாயை மூடினார்.

ஃபியூஸும் கையுமாக ஓடிவந்த புருஷன் தட்டைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய் ஃபியூஸை மாட்டினான். நடுங்கியது. பிடுங்கினான். நின்றது. பாவம், இன்னும் ஒருதரம் மாட்டிப் பார்த்தான். கடைசியில் அவனேதான் கடப்பாரை கொண்டுவந்து மேடைப் பலகையை நெம்பினான். அடியில் குழி. குழியில் மோட்டார். ஆற்றிலிருந்து ஒரு குழாய் உள்ளே வந்தது, இன்னொன்று நேராகப் பச்சை வயலுக்குப் போனது. ஒலிபெருக்கியில் ஓயாமல் பாட்டுப் போட்டது எந்தச் சத்தத்தை மறைக்க என்றும் அப்போதுதான் விளங்கியது. தமக்கு ஒன்றுமே தெரியாது என்றார் பண்ணைக்காரர். நதிமொழியார் எந்த டிராக்டரில் ஏறித் தப்பினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே இரண்டு ஊரும் மதகடியில் உட்கார்ந்து பழையபடி தொண்டை வற்றக் கத்தி, முறை வைத்தன. கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. மிளகாயில் பாதி பிழைத்தது, பாதி போனது போனதுதான். வாயாடி வரப்பில் உட்கார்ந்து, போன பாதிக்காகக் கொஞ்சநேரம் அழுதாள். ஆனால் வீட்டைப் பூட்டவில்லை.

அன்றைக்கு மதகடிக் கூட்டம் கலையும்போது ஒரு பெரிய மனிதர் மெதுவாகச் சொன்னார்: "இருந்தாலும் அந்த வெண்கலத் தட்டுல ஏதோ ஒரு சக்தி இருக்குப்பா. பத்திரமா எடுத்து வைக்கலாம்." நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தட்டு ஆடியதற்காவது அடியில் ஒரு மோட்டார் இருந்தது. இத்தனை நாள் இவ்வளவு தலைகள் ஆடினவே, அவற்றுக்குள் என்ன இருந்தது? அவரவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.