டி.சி.யின் பின்பக்கம்

வேலை பார்க்கும் இடத்தில் ஒழுங்காக இருப்பவர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சித்தூரில் ஒரு மருத்துவமனை லேபில் பல வருடமாக ரத்தம் எடுக்கிறவள். இதுவரை ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. குழாய்க்குச் சீட்டு, சீட்டுக்கு நம்பர், நம்பருக்கு ரிஜிஸ்டர். அப்பேர்ப்பட்ட என் வீட்டில், என் மகளின் இன்டர், அதாவது பிளஸ் டூ, பரீட்சை ஹால் டிக்கெட், பரீட்சை அன்று காலையில் குக்கர் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. (குக்கர் அதில் இல்லை. அது எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை.)

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்குள் நான், கணவர் செல்வின், மகள் ஜெசி, ஒன்பது வயது மகன் ஜோயல், அப்புறம் இந்த இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதங்கள். காகிதங்களுக்குத்தான் அதிக இடம். பிரிட்ஜ் மேலே புராக்ரஸ் கார்டு. டி.வி.க்குப் பின்னால் ரெக்கார்டு நோட்டு. மெத்தைக்கு அடியில் வைத்த விடைத்தாள்களால் செல்வின் படுக்கும் பக்கம் நாலு விரல் உயர்ந்து, அவர் தூக்கத்தில் என் பக்கம் உருண்டு வந்துகொண்டிருந்தார். பாசம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹால் டிக்கெட் விவகாரத்துக்குப் பிறகு சபதம் எடுத்தேன். கோடை விடுமுறையில் ஜெசி நகரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அந்தப் பத்து நாளில் வீட்டில் இருந்த ஒவ்வொரு காகிதத்தையும் ஹாலில் பரப்பினேன். செல்வின் வேலையிலிருந்து வந்தால் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று காபி குடித்தார். முக்கால்வாசியைப் பழைய பேப்பருக்குப் போட்டேன். கடைசியில் நாற்பது காகிதம் மிஞ்சியது. சான்றிதழ்கள், மார்க் மெமோக்கள், தூக்கிப் போட மனசு வராத சில படங்கள். பீரோவில் அவற்றுக்கு நான் ஒதுக்க முடிந்தது இரண்டு விரல் அகலம்.

லேமினேட் செய்துவிட்டால் கசங்காது, ஈரம் ஏறாது, பூச்சி அரிக்காது. ஆனால் நாற்பது கவர் இரண்டு விரல் இடத்தில் நிற்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு கவரில் இரண்டு காகிதம். முதுகோடு முதுகு. பாதி இடம் மிச்சம்! இதை ஏன் உலகத்தில் யாரும் செய்யவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். (காரணம் இருந்தது.)

எதோடு எதைச் சேர்ப்பது என்பதற்கும் ஒரு முறை வைத்தேன். அளவு ஒத்துப்போக வேண்டும், முக்கியத்துவமும் ஒத்துப்போக வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே கவர்லயாம்மா? ஒரிஜினல் மாதிரி கீதே?"

"ஒரிஜினல்தாம்பா. அதான் பத்திரமா இருக்கணும்னு சொல்றேன்."

அவன் மெஷினை ஆன் செய்தான்.

ஜெசிக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சீட் கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட கோர்ஸ். சான்றிதழ் கொண்டுபோய்க் கொடுக்கக் கடைசி நாளன்று காலையில் அவளும் நானும் பஸ் ஏறினோம். "எல்லாம் ரெடியா எடுத்து வெச்சிட்டேன்" என்று நான் சொன்னதை நம்பி அவள் பையைத் திறந்து பார்க்கவில்லை. புத்தலப்பட்டு தாண்டியதும்தான் திறந்தாள்.

"மா, டி.சி.ய லேமினேட் பண்ணிட்டியா?"

"எப்படி பளபளன்னு கீது பாத்தியா?"

அவள் திருப்பினாள். அதற்கப்புறம் திருப்பதி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட் என்று ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, காகிதங்களைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். எங்களுக்கு முன்னால் இருந்த ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம்.

"கண்ணாடிய நெத்தியில மாட்டிக்கினு எழுத்து தெரியலன்னு தேடிக்கினு கீறாரு பாரு" என்று ஜெசி காதில் சொன்னேன். அவர் தெலுங்கில்தான் பேசிக்கொண்டிருந்தார். அதனால் தைரியமாகவே சொன்னேன்.

எங்கள் முறை வந்தது. டி.சி.யின் முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வெனக சீலு வெய்யாலி கதம்மா" என்றார். பின்பக்கம் சீல் வைக்க வேண்டுமாம். திருப்பினார்.

பின்பக்கம் ஜோயல் யு.கே.ஜி.யில் வரைந்த 'என் அம்மா' இருந்தது. அன்னையர் தினப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கி, மூலையில் தங்க நிற ஸ்டார் ஒட்டப்பட்ட படம். நோட்டில் கிழித்த மெல்லிய தாளில், மெழுகு கிரேயானால் அழுத்தி அழுத்தித் தீட்டியது. பூசணிக்காய் அளவு தலை. எட்டுத் திசையிலும் முடி. காது வரை திறந்த வாய், அதற்குள் வேலி மாதிரி பல். வலது கையில் என் உயரத்துக்கு ஒரு ஊசி, அது நிறையச் சிவப்பு. லேபில் நான் செய்யும் வேலையைப் பிள்ளை அப்படிப் புரிந்துவைத்திருந்தான். அவனிடம் இருந்ததிலேயே முக்கியமான காகிதம் அது. ஜெசியிடம் முக்கியமானது டி.சி. பொருத்தம் பார்த்தேன் என்றேனே.

"எவரு ஈ ராக்ஷசி?" என்றார் சூப்பரின்டென்டென்ட்.

யார் இந்த ராட்சசி என்று கேட்கிறார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் ஜெசி, "மா அம்ம, சார்" என்றாள்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"போலிக்கலு உன்னாயி" என்றார். சாயல் இருக்கிறதாம்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் மேல் சீல் நிற்காது, ஒரு மணிக்குள் இதைச் சுத்தமாகப் பிரித்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் சீட் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அவர் தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மணி பதினொன்றரை.

வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்றார். "சூடு பட்டா லூசாகும். ஆனா கிழிஞ்சா நான் பொறுப்பில்ல." சூடு என்றதும் எதிரில் மரத்தடியில் நின்ற இஸ்திரி வண்டி என் கண்ணில் பட்டது.

"அண்ணா, இத கொஞ்சம் தேய்ச்சிக் குடுக்கறீங்களா?"

இஸ்திரிக்காரர் கவரை வாங்கிப் பார்த்தார். "நான் துணி தேய்க்கறவம்மா" என்றார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா? எந்த ஊரு?" என்றார்.

"சித்தூரு. நாத்தனார் நகரியில கீறாங்க."

"அட, நானும் நகரிதான்!"

அந்த ஒரு வார்த்தைக்காக இறங்கி வந்தார். டி.சி. மேல் ஒரு கைக்குட்டையை விரித்து, பெட்டியை வைத்தார். "பேரு எரிஞ்சி போச்சின்னா என்னைக் கேக்கக் கூடாது." ஒரு இழு இழுத்தார். "நகரியில எந்தத் தெரு?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, பெட்டி! பெட்டி!"

ஜெசி கொஞ்சம் தள்ளி நின்று கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள். உதடு அசைவதைப் பார்த்தால் ஜெபத்தில் என் பெயரும் அடிபடுவது தெரிந்தது.

கவரைப் புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்தார். பிளாஸ்டிக் சுருண்டது. ஓரத்தில் நகத்தை விட்டு, கல்லில் ஒட்டிய தோசையை எடுப்பதுபோல இழுத்தார். வந்தது! டி.சி.யின் முன்பக்கம் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. பெயர், தேதி, நன்னடத்தை எல்லாம் பத்திரம். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அதைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் நான் இருந்தேன்.

சூட்டில் கிரேயான் உருகி, மெல்லிய தாளைத் தாண்டி டி.சி.யின் முதுகில் இறங்கியிருந்தது. முடி, பல், ஊசி எல்லாம் அப்படியே, இன்னும் கொஞ்சம் அகலமாக. தங்க ஸ்டாரைக் காணோம். சுருண்ட பிளாஸ்டிக் துணுக்கோடு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெசி அதைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மா, இந்த சீட்டு போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள், மெதுவாக.

அந்தச் சின்ன ஹாலில், தம்பி ஒரு பக்கம் விளையாட, குக்கர் ஒரு பக்கம் கத்த, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படித்தவள் அவள். இரண்டு விரல் இடத்துக்காக நான் அதில் கை வைத்திருக்கிறேன். "தப்பு பண்ணிட்டேன்டி" என்றேன். என் மகளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லூரிக்குள் நடந்தாள்.

ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. சூப்பரின்டென்டென்ட் டி.சி.யை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எப்படி இது என்று கையால் கேட்டார். இஸ்திரி வண்டி என்று தெலுங்கில் சொன்னேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை மெதுவாக இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, ஓரத்துல கத்திரி போட்டிருந்தா ரெண்டும் தனித்தனியா வந்திருக்குமே? முன்னாடி பிளாஸ்டிக் இருந்தா இருந்துட்டுப் போவுது. எனக்கு வேண்டியது பின்பக்கம்தானே?"

நல்ல தமிழ்.

"நம்பள்து சத்தியவேடு" என்றார், தமிழ்நாட்டு எல்லையோர ஊரைச் சொல்லி. "கண்ணாடி நெத்தியில இருந்தாலும் காது எடத்துலதான் கீது."

தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். திருப்பதியில் கல்தரை உறுதியாகப் போட்டிருக்கிறார்கள்.

அவர் என்னிடமிருந்த இன்னொரு கவரை வாங்கினார். அதில் ஜெசியின் இன்டர் மெமோவும் ஜோயலின் இரண்டாம் வகுப்பு புராக்ரஸ் கார்டும் இருந்தன. கத்திரியால் நாலு ஓரமும் வெட்டி மேஜை மேல் உதறினார். இரண்டும் பிரிந்து விழுந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைக்க அங்கே எதுவுமே இருந்ததில்லை. லேபில் தினமும் கண்ணாடித் தகட்டையும் அதை மூடும் மெல்லிய தகட்டையும் சேர்த்தும் பிரித்தும் புழங்குகிற ஒருத்திக்கு இது தோன்றவில்லை.

பிறகு சீலை எடுத்து மையில் தட்டினார். டி.சி.யின் பின்பக்கத்தில் எங்கே வைப்பது என்று தேடினார். மேலே முடி, பக்கத்தில் ஊசி, கீழே உருகி வழிந்த ரத்தம்.

"வாய் ஒண்ணுதான் காலியா கீது" என்று சொல்லி, என் பற்களுக்கு நடுவில் ஒரு குத்து குத்தினார். டப்.

ஜெசிக்கு சீட் கிடைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜெசி திடீரென்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். அழுகிறாள் என்று பயந்து தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தூர் வரைக்கும் நிற்கவில்லை.

வீட்டில் கதையைக் கேட்டுவிட்டு செல்வின் கத்திரிக்கோலை எடுத்துவந்து, மிச்சமிருந்த கவர்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்தார். அன்றிலிருந்து காகித இலாகா அவரிடம். கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ், அதன் சாவி அவர் பாக்கெட்டில். ஜோயலுக்கு ஒரே கவலைதான். "என் ஸ்டார் எங்கம்மா?" அது திருப்பதியில் யாருடைய வெள்ளைச் சட்டையிலாவது ஒட்டியிருக்கலாம்.

ஜெசி இப்போது கடைசி வருடம். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சூப்பரின்டென்டென்ட் என்னைப் பார்த்ததும் புதிதாக வந்த கிளார்க்கைக் கூப்பிட்டு, ஒரு ஃபைலை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், இரண்டடி பின்னால் நகர்ந்து. அந்த டி.சி.யை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டேன். தரவே மாட்டார்களாம். பர்மனென்ட் ரெக்கார்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது நான் யாரையும் முழுசாகத் திட்ட முடிவதில்லை. தரையில் ஈரத் துண்டு கிடக்கும், நான் இடுப்பில் கை வைத்து வாயைத் திறப்பேன். உடனே ஜோயல் ஒரு கையை விரித்து, மறு கை முஷ்டியால் அதன் நடுவில் குத்துவான்.

டப்.