கவர் மேல கழுதைன்னு எழுதுனது நான்தான்

ஒரு ஞாயித்துக்கிழமை. கழுதை வாலுல இருந்து இருபது முடி எடுத்துட்டு வரணும். அவ்வளவுதானுங்க வேலை.

கேட்டது என் கொழுந்தியா நிவேதா. கால்நடை ஆராய்ச்சி பண்றா. கழுதையோட மொத்த ஜீனோமையும் படிச்சு, குதிரையோடதுக்குப் பக்கத்துல வெச்சு, ரெண்டும் எங்க பிரிஞ்சுதுன்னு பாக்கறாளாம். அதுக்கு வேரோட புடுங்குன முடி வேணும்.

நான் அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனில குவாலிட்டி மேனேஜருங்க. ஒரு லேபிள் மாறுனாலும் மொத்தப் பெட்டியையும் பிரிக்கச் சொல்ற ஆளு. நான் வந்தா தப்பே நடக்காதுன்னு சொல்லி, அவளையும் ஏத்திக்கிட்டுக் காரை எடுத்தேன்.

மூலனூர் பக்கம் கழுதைப்பால் விக்கற முருகேசன், எதுக்குங்க முடின்னு கேட்டாரு. நான் முந்திக்கிட்டேன். கழுதையும் குதிரையும் பங்காளிங்க, ரொம்பக் காலத்துக்கு முந்தியே பாகம் பிரிஞ்சுருச்சுங்கன்னேன்.

அவரு யோசிச்சாரு. "பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாதுங்களே. ஆனா ரெண்டும் சேந்துதான கோவேறு கழுதை பொறக்குது?"

"அந்தக் கோவேறு கழுதைக்குக் குட்டி பொறக்காதுங்ணா," ன்னா நிவேதா. "குதிரைக்குக் குரோமோசோம் அறுபத்து நாலு, கழுதைக்கு அறுபத்து ரெண்டு. ஜோடி சேராது."

"அதத்தான் கண்ணு எங்கூட்டுலயும் சொல்றாங்க. பங்காளிக்குள்ள எடுத்தா வம்சம் நிக்காதுன்னு."

அவ நோட்டை எடுத்து அதை எழுதிக்கிட்டா.

அப்புறம் அவளும் முருகேசனும் சம்மதப் பாரம் எழுத உக்காந்தாங்க. முடி எடுக்கறது என் பொறுப்பு. கிளவுஸ் போடுங்க மாமா, வாலுல மட்டும் எடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னா.

வாலுப் பக்கம் போனா ஒதைக்குமேன்னு எனக்குப் பயம். மூஞ்சிப் பக்கம் போயி பிடரில கை வெச்சேன். கிளவுஸ் வழுக்குச்சு. கழட்டிட்டேன்.

நாலு முடி வரைக்கும் கழுதை பொறுத்துக்குச்சு. அஞ்சாவதுக்குக் குனிஞ்சப்ப என் தலைல ஒரு கொத்தைக் கடிச்சு இழுத்துருச்சுங்க. எனக்கு இருந்ததே அந்தக் கொத்துதான்.

கீழ உழுந்தேன். கையில இருந்ததும் சிதறிருச்சு. அவங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள தரையில கிடந்த முடியை எல்லாம் பொறுக்கிக் கவர்ல போட்டு, ஒட்டி, மேல பெருசா 'கழுதை'ன்னு எழுதிட்டேன். தலைக்கு என்னாச்சுன்னு கேட்டதுக்கு, கம்பி பட்டுருச்சுன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு நிவேதா போன் பண்ணுனா. கவர்ல நாலு முடி தவிர மீதியெல்லாம் மனுச முடின்னு லேப்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். அவதான் அஜாக்கிரதையா இருந்துட்டான்னு புரொபசர் திட்டிட்டாராம். அழுகறாப்ல இருந்துச்சு குரலு.

அதுக்கு மேல மறைக்க முடியலீங்க. "அது என்னுது கண்ணு," ன்னேன்.

போன்ல அவ கவரைத் திருப்பற சத்தம் கேட்டுச்சு. "கழுதைன்னு எழுதியிருக்கே மாமா?"

"அதுவும் என் கையெழுத்துதான்."

புரொபசருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தேன். 'மேற்படி கழுதை மாதிரியில் உள்ள மனித முடி அடியேனுடையது' ன்னு கம்பெனி லெட்டர்பேடுல, சீலோட.

அடுத்த வாரம் மறுபடியும் மூலனூர் போனோம். இந்தத் தடவை நான் கார்ல இருந்து எறங்கவே இல்லீங்க. அஞ்சு நிமிசத்துல வேலை முடிஞ்சுருச்சு.