பிரெஞ்சு தெரிந்த இ-ரீடர்

கடைக்குப் போய் "அதைக் குடுங்க" என்று வாங்கி வருகிறவர்கள் நிம்மதியாகத்தான் வாழ்கிறார்கள். அலசி ஆராய்ந்து வாங்குகிறவர்கள்தான் பிற்பாடு கட்டுரை எழுதும்படி ஆகிறது.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்குப் போய் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்தேன். (ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்.) பிரெஞ்சுப் புத்தகம் படிக்கவும் ஓரத்தில் குறிப்பு எழுதவும் ஒரு இ-ரீடர் இல்லாமல் இனிமேல் முடியாது என்று தோன்றிவிட்டது. மாதக்கணக்கில் ஆராய்ந்தேன். ஒன்றில் பேனாவால் எழுதலாம், ஆனால் அகராதி கிடையாது. இன்னொன்றில் அகராதி உண்டு, பேனா கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இந்தச் சிக்கலை விளக்கியதில், வளவனூருக்கு டிக்கெட் எடுத்தவர் கோலியனூரிலேயே இறங்கிக்கொண்டார். கடைசியில் இரண்டும் உள்ள ஒன்றை வரவழைத்தேன். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் இருக்கும் கோடு, புள்ளி ஒன்றுகூட அதில் பிசகாது.

அந்தச் சமயம் திண்டிவனத்தில் என் மச்சினி ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை, பிரான்ஸில் குடியேறிவிட்ட பாண்டிச்சேரிக் குடும்பம். மாதா கோவிலில் கல்யாணம் முடிந்து, சாயங்காலம் மண்டபத்தில் நடக்கும் வரவேற்பில் நான் தமிழிலும் பிரெஞ்சிலும் பேச வேண்டும் என்று மாமனார் கேட்டுக்கொண்டார். தமிழ்ப் பகுதியை அவரே நாலைந்து நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சு என் பொறுப்பு. (என் பிரெஞ்சு அப்போது இரண்டாம் பாடத்தில் இருந்தது.)

இரண்டையும் தட்டச்சு செய்து இ-ரீடரில் ஏற்றினேன்.

"பேப்பர்லயும் ஒண்ணு எடுத்து வச்சிக்கோங்க" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

ஒரு லைப்ரரியே ஏறுகிற மிஷினில் இரண்டு பக்கம் ஏறாதா என்று அவளைக் கேட்டேன். ஏறிவிட்டதா என்று பார்க்கவும் செய்தேன், பிரெஞ்சுப் பக்கத்தை மட்டும்.

மேடையேறி, கருவியைச் சபைக்குத் தெரியும்படி ஒருமுறை உயர்த்திப் பிடித்துவிட்டு, தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். அந்நிய மொழி படிக்க நான் தேடித் தேடி வாங்கிய கருவிக்குத் தமிழ்தான் அந்நிய மொழி என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாமனார் எழுதியதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பக்கத்தைத் தள்ளினேன். பிரெஞ்சு பளிச்சென்று நின்றது. வேறு வழியில்லாமல் அதையே வரி வரியாகத் தமிழாக்கத் தொடங்கினேன்.

"எல்லோருக்கும் நல்ல மாலை. இவள் ஜெனிட்டா. இவள் என் மனைவியின் தங்கை. இவள் உயரமாக இருக்கிறாள். இவளுக்கு ரொட்டி பிடிக்கும்."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"இவர் மாப்பிள்ளை. இவரிடம் ஒரு கார் இருக்கிறது. இன்று மழை இல்லை."

ஜெனிட்டா பூச்செண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்து மாமியார் ஓடினார். முன்வரிசையில் மாமனார் மட்டும், தன் வாக்கியம் இப்போது வரும், அப்போது வரும் என்று கடைசிவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் ஒரு வரிகூடப் பேசாமல் கீழே இறங்கியபோது, "அவ்ளோ எழுதினேனே மாப்ளே" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, பிரான்ஸிலேயே தலை நரைத்தவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வயசுல பிரான்ஸ் போனீங்க தம்பி? இவ்ளோ தமிழ ஞாபகம் வச்சிக்கினு பேசறீங்களே, பெரிய விஷயம்."

விழுப்புரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிர் வரிசையிலிருந்து மாமனார் முந்திக்கொண்டார்.

"சின்ன வயசுலயே போயிட்டாருங்க" என்றார்.

அந்தப் பொய்யை இன்றுவரை யாரும் திருத்தவில்லை. ஜெனிட்டா பிரான்ஸிலிருந்து போன் செய்தால் எல்லோரிடமும் படபடவென்று பேசுவாள். என் முறை வந்ததும் குரலே மாறிவிடும். "அத்தான். நீங்கள். சாப்பிட்டீர்களா?"

அங்கேயே பிறந்த அவள் மகள் இதை நிஜமென்றே நம்பிவிட்டாள். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, என் இலையிலிருந்த சாம்பாரைக் காட்டி, "பெரியப்பா, இது சாம்... பார்" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். நானும் திருப்பிச் சொன்னேன். நன்றாக வருகிறது என்றாள்.