ஒன்பதாம் நம்பர்காரனும் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டரும்

நிறைய கிலோமீட்டர் ஓடிய வண்டியைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். இது ஒரு வியாதி என்று இப்போது தெரிகிறது. பழைய வண்டி வாங்கப் போகிற மற்றவர்கள் மீட்டரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் கும்பிடாத குறையாக நிற்பேன். இவ்வளவு தூரம் போன வண்டி இன்னும் கொஞ்சம் போகாதா என்பது என் கணக்கு. (கணக்கு உட்பட எல்லாப் பாடத்தையும் நான் ஒன்பதாம் வகுப்போடு விட்டவன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓர் இடத்தில் நின்றதில்லை. போர்வெல் லாரியில் ஏறிச் சத்தீஸ்கர் வரை போனேன். லாரிக்கு அடியில்தான் படுக்கை. ரத்னகிரியில் ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தபோது இடது சுண்டுவிரல் நுனி மெஷினோடு போய்விட்டது. பெரிய நஷ்டமில்லை, அந்த நுனியை வைத்து நான் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. கட்ச் பக்கம் உப்பளத்தில் ஒரு வருடம். நடுநடுவே விழுப்புரம் வருவேன், நாலு மாதம் இருப்பேன், கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை. நான் கிளம்பிய முதல் இரண்டு முறை என் மனைவி வசந்தா அழுதாள். மூன்றாம் முறை, "போவும்போது கேஸ் புக் பண்ணிட்டுப் போய்யா" என்றாள்.

இப்படிப்பட்டவனுக்கு என்று ஒரு வேலை வந்தது. புதுச்சேரியில் ஒரு டூர் கம்பெனி, பெரிய பைக்குகளில் ஆட்களை லடாக் வரை கூட்டிக்கொண்டு போகிறவர்கள். கூடவே ஓட்டிக்கொண்டு வர ஒரு மெக்கானிக் வேண்டும். பஞ்சர் போடத் தெரிய வேண்டும், ஹிந்தி பேச வேண்டும், கண்ட இடத்தில் தூங்க வேண்டும். மூன்றும் என் ஜாதகத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தன. நாலாவது நிபந்தனைதான் இடித்தது: சொந்தமாக ஒரு டூரிங் பைக் வேண்டும்.

"அடுத்த வாரம் திங்கக்கிழமை, காலைல பத்து மணி. வண்டியோட வாங்க. வண்டி இல்லன்னா வராதீங்க, இன்னொருத்தர் காத்துக்கினு இருக்காரு" என்றார் முதலாளி.

வசந்தா யோசித்தாள். "சம்பளம் வாங்கிக்கினு ஊரு சுத்தறதுன்னா சுத்து. ஆனா இது தவறிச்சின்னா இத்தோட உட்டுடணும். ரோட்டோரமா ஒரு கடையப் போட்டுக்கினு இங்கியே குந்தணும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தவறாது என்று நம்பிக்கை இருக்கிறவனுக்குச் சத்தியம் பண்ணுவது சுலபம்.

புது டூரிங் பைக் என் மூன்று பிறவிச் சம்பாத்தியத்துக்கு எட்டாது. அதனால் தவணை கட்டாமல் பிடித்து வைத்த வண்டிகளைச் செல்போனிலேயே ஏலம் விடுகிற ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்தேன். திண்டிவனம் பைபாஸ் பக்கத்து யார்டில் ஒன்று இருந்தது. முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பெட்டி முழுக்க ஸ்டிக்கர்: மணாலி, ஸ்பிட்டி, லே. ஓடிய தூரம் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம். எனக்குக் கண் கலங்கியது. மூன்று போட்டோவும் வலது பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன என்பது அந்தக் கலங்கலில் தெரியவில்லை. அடியில் 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருந்தார்கள். என்ன ஒரு நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. காலையிலேயே திண்டிவனம் போய் வண்டியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கேட்பது என்று திட்டம். வழியில் சிக்னல் போய்விட்டால்? அதற்கும் ஏற்பாடு செய்தேன். வசந்தாவின் தம்பி ஏழுமலை விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், நல்ல இன்டர்நெட். அவன் பெயரிலும் முன்பணம் கட்டிப் பதிவு செய்ய வைத்தேன். "என் லைன் கட் ஆச்சின்னா நீ கேளு. வண்டி கைக்கு வர்ற வரைக்கும் உடாத" என்று சொல்லிவைத்தேன். (இவ்வளவு முன்யோசனை எனக்கு வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை. வராமலே இருந்திருக்கலாம்.)

அன்று காலை ஒன்பதரைக்கு ஏழுமலை போன் செய்தான். "மாமா, எனக்கு இன்னும் ஐ.டி. வரலைங்க. நீங்களே பாத்துக்குங்க." சரி, இவன் இல்லை என்று தலைமுழுகிவிட்டுப் பஸ் ஏறினேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் பாலம் வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பத்தே முக்கால் ஆனது, பதினொன்றும் ஆனது. வண்டியைப் பார்க்காமலே, பஸ் சீட்டில் உட்கார்ந்தபடி கேட்க ஆரம்பித்தேன். திரையில் பெயர் வராது, நம்பர்தான். நான் நாலு. இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் இரண்டு நிமிடத்தில் கழன்றுகொண்டார். வண்டி என்னுடையது என்று மூச்சு விட்டேன். பதினொன்று ஐந்துக்கு ஒன்பதாம் நம்பர் உள்ளே வந்தது.

பக்கத்து சீட்டில் மல்லாட்டை (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மூட்டையோடு இருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, கிரிக்கெட்டா?"

"ஏலம்மா. பைக்கு."

"எதிராளி யாரு?"

"தெரியல. ஒம்போதாம் நம்பரு."

"உடாத" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டுக்கும் தகவல் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முருகன் கோயில் திருவிழா முடிந்ததும் வேலில் குத்தி வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். ஒரு பழம் ஆயிரக்கணக்கில் போகும். கேட்க ஆரம்பித்துவிட்டு நடுவில் பின்வாங்குகிறவன் அடுத்த திருவிழா வரை டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. நான் அந்த ஏலங்களைப் பார்த்து வளர்ந்தவன். பொருளின் விலை என்ன என்று யோசிப்பதே எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். எதிராளி அடங்குவதுதான் விலை.

நான் ஏற்றினேன். அவன் ஏற்றினான். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாகவே மூன்று நிமிடம் நீளும். அது ஐந்தாறு தடவை நீண்டது. இதற்கு நடுவில் ஏழுமலை வேறு போன் செய்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவன் பெயர் திரையை மறைத்தது. "இவன் ஒரு பேஜாரு" என்று கட் செய்தேன். பதினொரு தடவை கட் செய்தேன்.

கண்டக்டர் டிக்கெட் மிஷினை இடுப்பில் தள்ளிவிட்டு என் தோளருகே நின்றார். "ஒம்போதாம் நம்பரு எந்த ஊரு ஆளுப்பா? இந்த வீம்பு புடிக்கிறான்?"

"வண்டியோட அருமை தெரிஞ்ச ஆளா இருப்பான் சார்" என்றேன். எதிரி மேல் எனக்கு மரியாதையே வந்திருந்தது.

நான் நினைத்திருந்த விலையைப் போல் இரண்டு பங்கு தாண்டியபோது ஒன்பதாம் நம்பர் சட்டென்று அடங்கியது. மூன்று நிமிடம் வேறு யாரும் ஏற்றவில்லை. திரையில் வாழ்த்து வந்தது. மூட்டைக்கார அம்மா ஒரு பிடி மல்லாட்டை எடுத்து என் கையில் வைத்தார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

யார்டில் வாட்ச்மேன் வண்டியைக் காட்டினார். வலது பக்கம் போட்டோவில் இருந்தபடியே இருந்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். அந்தப் பக்கத்துப் பெட்டி நசுங்கி அப்பளமாக இருந்தது. முன் சக்கரம் ஒரு பக்கமும் ஹேண்டில்பார் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

"இது ஓடுமாங்க?"

"ஓடினதுதாங்க. லாரி மேல மோதற வரைக்கும் நல்லா ஓடிக்கினு இருந்துச்சி."

அப்போது பன்னிரண்டாம் முறையாக ஏழுமலை கூப்பிட்டான். எடுத்தேன்.

"இன்னா மாமா, போனே எடுக்க மாட்டேங்கறீங்க. பதினொண்ணு அஞ்சுக்கு எனக்கு ஐ.டி. வந்துச்சிங்க. சரி, உங்களுக்கு லைன் போயிடுச்சின்னு நானே கேட்டேன். எவனோ ஒருத்தன், நாலாம் நம்பரு, கிறுக்குப் புடிச்சவன் மாதிரி ஏத்திக்கினே போறான். கரெண்டு போச்சி மாமா, இல்லாட்டி அவன ஒரு கை பாத்துருப்பேன்."

"ஏழுமல, நீ எத்தினியாம் நம்பரு?"

"ஒம்போதுங்க. ஏன் மாமா, அந்த நாலாம் நம்பர்காரன் அங்க வந்துக்கிறானா?"

"வந்துக்கிறான்."

"நாலு வார்த்த நல்லா கேளுங்க அவன."

"கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்று போனை வைத்தேன்.

பணம் கட்டிக் காகிதம் முடித்து வண்டியைக் கையில் வாங்கச் சனிக்கிழமை ஆனது. திண்டிவனத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் இரண்டு நாள் முட்டியும் தட்டியும் முன் சக்கரத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். "இன்ஜின் தங்கம்ங்க. இன்னும் ஒரு லட்சம் ஓடும். ஆனா சேசிஸ் கோணிக்கினு கீது, லெப்ட்ல இழுக்கும். அத்த மாத்த பத்து நாளு ஆவும்."

"நாளைக்கு நான் புதுச்சேரில இருக்கணும்."

"போவலாம். ஆனா நீங்க நெனச்ச எடத்துக்குப் போவாது, அது நெனச்ச எடத்துக்குத்தான் போவும்."

இதே குறை என்னிடமும் உண்டு என்று வசந்தா பல முறை சொல்லியிருப்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு மயிலம் மலையடிவாரத்தில் பூஜை. வசந்தாவும் ஏழுமலையும் ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். முன் சக்கரத்துக்கு எதிரே எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் வண்டியை நகர்த்தினேன். சக்கரம் இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டது, பழம் அப்படியே இருந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார் பூஜை போட்டவர். இன்னொரு வாட்டியும் ஒதுங்கியது. மூன்றாவது தடவை ஏழுமலை ஒரு யோசனை செய்தான். பழத்தை எடுத்து, சக்கரம் எங்கே போகுமோ அங்கே, ஒரு முழம் இடது பக்கமாக வைத்தான். அந்தத் தடவை மட்டும் வண்டி நேராகப் போனது.

வசந்தா பழத்தை எடுத்துத் துடைத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். "நசுங்காத பழத்த எதுக்கு வீணாக்கறது."

புதுச்சேரி ரோட்டில் ஏறினேன், வசந்தாவும் ஏழுமலையும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்கள். ஹேண்டில்பாரை வலது பக்கம் இழுத்துப் பிடித்தபடி, மாட்டோடு மல்லுக்கு நிற்கிறவனைப் போல ஓட்டினேன். பத்து கிலோமீட்டர் போயிருப்பேன். இன்ஜின் சத்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. லே, ஸ்பிட்டி என்று மனசு பறந்தது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் வந்தது. வண்டியை ஒதுக்க, கையைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினேன். வண்டிக்கு அது போதுமாக இருந்தது. ரோட்டை விட்டு இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, ஆள் உயரக் கரும்புக்குள் புகுந்து பதினைந்து அடி போய் நின்றது.

நின்றது வண்டி மட்டும்தான். இன்ஜின் நிற்கவில்லை. கீழே ஒடிந்து கிடந்த கரும்பின் மேல் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் முதுகெல்லாம் சாறு. சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளி.

"எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"கரும்புல சார்."

"அது எந்த ஊரு?"

"ஊரு இல்ல சார். கரும்பு."

"நீங்க வர வேணாம், இன்னொருத்தரு வந்துட்டாரு" என்றார். மணி எட்டுகூட ஆகவில்லை. அந்த இன்னொருத்தர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

நிலத்துக்காரர் தணிகாசலம் வரப்பில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழிந்த சாற்றை விரலால் தொட்டு வாயில் வைத்தார்.

"ஆல மிஷின் மாதிரி புழியுதேப்பா" என்றார். "கரும்புக் கடைக்குத்தான் லாயக்கு இது."

அவர் இதைச் சொல்லும்போது எனக்குப் பின்னால் வசந்தா வந்து நின்றிருந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பர்ஸைத் திறந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"பண்ண சத்தியம் ஞாபகம் கீதா?" என்றாள்.

இன்றைக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரும்பு ஜூஸ் கடை இருக்கிறது. வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மில் பெல்ட் போட்டுக் கரும்பு மிஷினோடு இணைத்திருக்கிறேன். கரும்பு தணிகாசலத்துடையது. இன்ஜின் தங்கம்தான், மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஏழுமலை வந்தால் எழுந்து நின்று, "நாலாம் நம்பர்காரருக்கு ஒரு ஜூஸ்" என்று என்னிடமே ஆர்டர் கொடுப்பான். ஊர்ப் பையன்கள் எந்த கியரில் பிழிகிறாய் என்று கேட்பார்கள். (மூன்றாவது. நாலாவதில் போட்டால் இஞ்சி தெறிக்கும்.)

ஒரு விஷயம் அந்த வண்டியைப் பற்றி யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. அதன் மீட்டருக்கு இணைப்பு பின் சக்கரத்தில் இருக்கிறது. வண்டி ஓர் அங்குலம் நகராவிட்டாலும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகும். நல்ல வெயில் நாளில் நாற்பது, ஐம்பது ஏறும். இது வசந்தாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து, கடையை மூடும்போது தினமும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு எதுவரைக்கும் போன?" நானும் மீட்டரைப் பார்த்து நெல்லூர், நாக்பூர், ஜான்சி என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் ஒரு நாள் மூன்று கல்யாண வேன்கள் அடுத்தடுத்து நின்றதில் நல்ல ஓட்டம். சாயங்காலம் மீட்டரைத் துடைத்துக் கூட்டிப் பார்த்தேன்.

"லடாக் வந்துட்டேன்" என்றேன்.

வசந்தா டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை. "சரி, திரும்பி வா. வரும்போது இஞ்சி வாங்கிக்கினு வா, தீந்து போச்சி" என்றாள்.