முதலாளி வைத்திலிங்கத்தின் மதியச் சாப்பாடு

வானமே இடிந்து விழுந்தாலும் மனைவி பவானியை வேலைக்கென்று சிதம்பரத்துக்கு அனுப்புவதில்லை என்று வைத்திலிங்கம் முடிவு கட்டிவிட்டார்.

முதுநகரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர் அவர். கடை கீழே, வீடு மேலே. மதியம் ஒரு மணிக்கு மாடியேறினால் சோற்றில் ஆவி பறக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதற்குப் பங்கம் வந்ததில்லை. மகள் ஹாஸ்டலுக்குப் போன கையோடு பவானி சிதம்பரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்ததும்தான் வினை ஆரம்பித்தது. ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. வணிகவியல், உயிரியல் என்று இரண்டு பாடம். வகுப்பு சனி, ஞாயிறு மட்டும். அந்த நாட்களில் ஹாட்பாக் சோற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார்.

இப்போது மூன்றாவது பாடமாக வேலை அனுபவம் என்று ஒன்று வந்து நின்றது.

“சிதம்பரத்துல ஒரு பால் கம்பெனியில வரச் சொல்லிட்டாங்க மாமா. ரெண்டு மாசம். காலையில ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன்.”

“மதியம்?”

“ஹாட்பாக் இருக்கே.”

“தினமுமா?”

“ஆமா. சனி, ஞாயிறு எப்பவும் போல க்ளாஸ்.”

பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். சாயங்காலம் மாடியேறும்போது முகத்தில் அப்படி ஒரு களை.

“ஏம்மா, அந்த அனுபவம் நம்ம கடையிலயே ஆவாதா? இதுவும் வியாபாரம்தானே?”

பவானி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “சரிப்படுமா மாமா? அப்புறம் நீங்க முதலாளி, நான் ட்ரெய்னி. அவுங்க ஆயிரத்தெட்டு ரூல் சொல்லுவாங்க.”

“எந்த ரூலா இருந்தா என்னா? பாத்துக்கலாம்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு!”

கல்லூரி ரேகா மேடத்துக்குப் போன் போட்டார்கள். மேடம் சொன்ன ரூலுக்கெல்லாம் வைத்திலிங்கம் மண்டையை ஆட்டினார். போனில் மண்டையாட்டினால் தெரியாது என்று பவானி சொன்ன பிறகு வாயாலும் சரி என்றார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு பவானி கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கி வந்தாள். பன்னிரண்டுக்கு அவர் சொன்னார். “சரி, மேல போய் உலையை வை.”

“அஞ்சு மணி வரைக்கும் ட்ரெய்னியை வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது சார்.”

“சாரா?”

“கீழ சார். மேல போனா மாமா.”

“அப்ப சோறு?”

“ட்ரெய்னிக்கு மதியச் சாப்பாடு முதலாளி பொறுப்பு. நீங்கதானே சரின்னீங்க?”

ஓட்டல் சோறு வைத்திலிங்கத்தின் வயிற்றுக்கு ஆகாது. வேறு வழியில்லாமல் மாடியேறினார். சோறு குழைந்து கூழானது. குழம்பு உப்பில் மிதந்தது. இருந்தாலும் ஆவி பறந்தது. அது போதும் என்று வைராக்கியமாகச் சாப்பிட்டார். மேற்பார்வைக்கு ரேகா மேடம் வரட்டும், இவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லிப் படிப்புக்கே முழுக்குப் போட வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டார்.

ஆனால் ட்ரெய்னி சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் சாம்பிராணி காட்டிவிட்டு மூட்டைகள் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவருடைய அப்பா காலத்து வழக்கம். பவானி சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இந்த ஈரத்துலதான் சார் புண்ணாக்குல பூஞ்சை பிடிக்குது. அதைத் தின்னா மாட்டுக்கு வயிறு கெடும், பால் குறையும். நம்மகிட்டயே தீவனம் வாங்கிட்டிருந்த பாலகுமார் ஏன் வேற கடைக்குப் போனாருன்னு நெனைக்கிறீங்க?”

“அது லட்சுமி கடாட்சம்டி!”

“லட்சுமிக்கு வாசல்ல தெளிங்க. மூட்டை மேல வேணாம்.”

கெட்டுப்போன மூட்டைகளைக் கழித்துக் கட்டி, மிச்சத்தைப் பலகை மேல் ஏற்றி அடுக்கினாள். சில வாரத்தில் பாலகுமார் திரும்பி வந்தார். வந்தவர் முதலாளியைக் கண்டுகொள்ளாமல், “அக்கா இல்லியா?” என்றார். வைத்திலிங்கத்துக்கு வயிறும் எரிந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசி வாரம் ரேகா மேடம் வந்தார். வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார். சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது “நல்லா பண்றாங்க மேடம், ரொம்ப நல்லா பண்றாங்க.” மணி ஒன்றாகியிருந்தது. மேடத்துக்கும் இலை போட்டார். நெத்திலிக் குழம்பை மேடம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

“யார் வச்ச குழம்பு?”

“முதலாளி வச்சது,” என்றாள் பவானி.

ஒருவழியாக இரண்டு மாதம் முடிந்தது. வைத்திலிங்கம் ஈசிச்சேரில் சாய்ந்து காலை நீட்டினார்.

“அப்பாடா! நாளைக்கு ஒரு மணிக்கு வத்தக்குழம்பு வச்சுடு.”

“நாளைக்கு லோடு வருது மாமா. இனிமே நான் கடையை விட்டா பாலகுமாரும் கடையை விட்டுடுவாரு.”

“அப்ப யாரு சமைக்கறது?”

பவானி ஒரு புது அடையாள அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். “கேட்டரிங் கோர்ஸ்ல உங்களைச் சேத்துட்டேன். சனி, ஞாயிறுதான் க்ளாஸ்.”

“எனக்கா? இந்த வயசுல நான் எங்கடி போய் அனுபவம் வாங்கறது?”

“அது வேணாமாம். ரெண்டு மாசம் ட்ரெய்னிக்கு ஆக்கிப் போட்டதே ஜாஸ்தின்னு மேடம் சொல்லிட்டாங்க.”

வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். “பேசாம உன்னை அந்தப் பால் கம்பெனிக்கே அனுப்பியிருக்கலாம்!”

பவானி கடைச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“எந்தப் பால் கம்பெனி மாமா?”