காதுகுத்துக்கு வந்த ஆக்டிவேட் விண்டோஸ்

இங்கிலீஷ் தெரியாதவன் கம்ப்யூட்டர் கடை நடத்த முடியுமா என்று கேட்டால், தாராளமாக நடத்தலாம். திரையில் வருவதை எல்லாம் படிக்கணும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 'ஓகே' எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் அப்படித்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் அது என்னைக் கவிழ்த்தது. அதுவும் சொந்த அக்கா வீட்டு விசேஷத்தில், ஊரே பார்க்க.

கடை என்னுடையது இல்லை. என் அண்ணன் மோகனுடையது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஷட்டர், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பேனர் டிசைன் செய்து காஞ்சிபுரம் பிரஸ்ஸுக்கு அனுப்புவான், அவர்கள் ஃபிளெக்ஸில் அடித்துத் தருவார்கள். ஒரு நாள் வண்டி எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதுக்கு மேல் எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியாகணும். அவனைப் புதைத்தபோது அவன் செல்லையும் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். பீடி குடிக்கிறவருக்கு பீடிக்கட்டு, வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலை வைப்பதில்லையா, அந்த மாதிரி. செல் இல்லாமல் அவன் கக்கூஸுக்குக்கூடப் போனதில்லை. கூடவே சார்ஜரும் வைத்தேன். (சிரிக்காதீர்கள். அழுதுகொண்டிருப்பவன் பிளக் பாயிண்டைப் பற்றியா யோசிப்பான்?)

அப்புறம் கடை என் தலையில் வந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் வட்டத்துக்குள் அண்ணன் முகம் வரும், கீழே அவன் பெயர் வரும். பாஸ்வேர்டு கேட்காமல் தானே திறக்கிற மாதிரி அவன் செய்து வைத்திருந்தான். அம்மா கடையைக் கூட்டுகிற சாக்கில் வந்து, அந்த முகம் வந்து மறைகிற வரைக்கும் நிற்பாள். பிறகு துடைப்பத்தோடு போய்விடுவாள். கூட்டின மாதிரியும் இருக்காது.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, புது மதர்போர்டு போடணும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்குடா?"

"பேனருங்க பெருசு பெருசா வருதும்மா. பழசு தாங்கல."

(கேம் ஆடத்தான்.)

போர்டு மாற்றிய மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தம்பி, உள்ள கீற விண்டோஸ உங்க அண்ணன் ஒரிஜினலா வாங்கிக்கீறாரு. போர்டு மாறினா இது வேற பொட்டின்னு நெனச்சுக்கும். அவரு அக்கவுண்ட்ல போயி, பொட்டி அதேதான், போர்டுதான் மாத்தினேன்னு சொல்லு, ஒத்துக்கும். அது பேஜாருன்னா சொல்லு, எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற ஒண்ணு ஏத்தித் தரேன்."

"அழிச்சா அண்ணன் மூஞ்சி வருமா?"

"எப்படிப்பா வரும்?"

"அப்ப வாணாம்ணா."

அவர் காட்டிய இடத்துக்குப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. தெரியாது. தெரியாவிட்டால் போனுக்கு ஒரு நம்பர் அனுப்புகிறேன் என்றது. அமுக்கினேன். அனுப்பிவிட்டேன் என்றது. அனுப்பியிருக்கும், எங்கே என்பதுதான் விஷயம். அண்ணன் சட்டைப் பைக்கு. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அங்கேயே போனது. அவனாவது எடுத்துப் பார்த்தானா தெரியாது.

விட்டுவிட்டேன். சில நாளில் திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் மங்கலாக இரண்டு வரி இங்கிலீஷில் வந்து உட்கார்ந்துகொண்டது. கேம் நன்றாக ஓடியதால் நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பழகிவிட்டால் சுவரில் இருக்கிற பல்லி கண்ணில் படுமா?

அப்போதுதான் அமுதா அக்கா பையனுக்குக் காதுகுத்து வந்தது. பெருநகரில், ரவி மாமா வீட்டு வாசலில் பந்தல். (ரவி மாமா அக்கா புருஷன்.) அண்ணன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, இப்போது என் மடியில். தாய்மாமன் சீராக லாரி நீளத்துக்கு ஒரு பேனர் நானே போட்டேன். தலையில் கிரீடம், கண்ணில் கூலிங்கிளாஸ், பின்னாடி சிங்கம் என்று அக்கா பையனைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். கீழே அன்புடன் வரவேற்கும் சொந்தக்காரர்கள் பெயர் வரிசை.

டிசைனை ஃபைலாக எடுத்து அனுப்புவது எப்படி என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தான். நான் காதில் வாங்கியதில்லை. முழுத் திரையில் வைத்து, திரையை அப்படியே போட்டோ பிடித்து பிரஸ்ஸுக்கு அனுப்புவது என் பழக்கம். அதே மாதிரி அனுப்பினேன்.

விசேஷத்தன்று ஆசாரி காது குத்த ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். மொட்டைத் தலையோடு குழந்தை என் மடியில் பொரி தின்றுகொண்டிருந்தது. ரவி மாமாவின் பெரியப்பா கோதண்டம் பேனர் முன்னாடி நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"டேய் வேலு, எம் பேரு எங்கடா?"

"எடம் பத்தல மாமா."

"எடம் பத்தலியா? அப்ப கடைசில கீறானே, இவன் யாரு? அதுவும் இங்கிலீஷ்ல! வூட்டுக்குப் பெரிய மனுசன் நான் வெளிய, இவன் உள்ளயா?"

பார்த்தேன். திரையில் பல்லி மாதிரி இருந்தது பேனரில் உடும்பு மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள் பெயர் முடிகிற இடத்தில், வரிசை தவறாமல், 'ஆக்டிவேட் விண்டோஸ்'.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "அது அண்ணனோட ஃப்ரெண்டு மாமா."

"இன்னாடா பேரு இது?"

"துபாய்ல கீறாரு. அங்க வச்சுக்கினாரு."

"மோகனுக்கு ஃப்ரெண்டா?" கோதண்டம் மாமா குரல் இறங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். "சரி வுடு. அந்தப் புள்ளைக்கு வேண்டியவன்னா இருந்துட்டுப் போறான். நான் ஒண்ணும் சொல்லல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லவே இல்லியேடா. அந்த அண்ணனுக்கு ஒரு தாம்பூலப் பை எடுத்து வை, யார் கிட்டயாச்சும் குடுத்தனுப்பலாம்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். (நரகத்தில் எனக்குத் தனி ஷட்டரே போட்டு வைத்திருப்பார்கள்.)

அதோடு முடிந்திருக்கும். ரவி மாமாவின் தங்கை நித்யா, காலேஜ் போகிற பெண், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பேனரைப் படித்தாள்.

"ஐயோ பெரியப்பா, இது ஆளு பேரு இல்ல. எங்கிட்ட கீற விண்டோஸுக்கு லைசென்ஸ் இல்ல, சரி பண்ணுன்னு கம்ப்யூட்டர் கேக்குது!"

பந்தலே சிரித்தது. அதே நேரம் ஆசாரி குத்திவிட்டார். குழந்தை வீறிட்டு அலறியது. யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. கோதண்டம் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்திக்கு உட்காராமல் போய்விட்டார். கறிச்சோறு தயாராக இருக்கும்போது ஒரு மனுசர் சாப்பிடாமல் போகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

ரவி மாமா என் கிட்டே வந்து பல்லைக் கடித்தார். "அசிங்கமாப் போச்சு. நாளைக்கு ஆள அனுப்பறேன். அந்தப் பொட்டில கீறது முச்சூடும் அழிச்சுட்டு புதுசா போட்டுக்கினு வரட்டும்."

அம்மா அங்கேதான் நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஆள் வருவதற்குள் ஏதாவது செய்யணும் என்று விண்டோஸ் கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். ஒரு மேடம், நல்ல தமிழில் பேசினார். அக்கவுண்ட் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். மோகன் என்றேன்.

"மோகன் சார் கிட்ட குடுங்க. அவர் கிட்டதான் பேச முடியும்."

அண்ணன் போனில் பேசினால் எப்போதும் சளி பிடித்தவன் மாதிரி மூக்கால் பேசுவான், கடைசி எழுத்தை ஒரு இழு இழுப்பான். அவனை வெறுப்பேற்ற நான் வீட்டில் அப்படிப் பேசிக் காட்டுவேன். "இதோ குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, குரலை மூக்குக்கு ஏற்றினேன்.

"சொல்லுங்க மேடாம்... மோகன்தான் பேசறேன்..."

பின்னாடி துடைப்பம் கீழே விழுந்தது.

திரும்பினால் அம்மா. நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சொம்மாம்மா, கம்பெனிக்காரங்க கேட்டாங்கன்னு..." என்றேன். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"இன்னொரு தபா பேசு" என்றாள்.

போனில் மேடம், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் மேடாம்..." என்றேன், அண்ணன் குரலில்.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போர்டு மாற்றியதையும், நம்பர் கையில் இல்லாத பழைய போனுக்கே போவதையும் அதே குரலில் மேடத்திடம் சொன்னேன்.

"பழைய நம்பர் உங்க கிட்ட இல்லன்னா, திரையில அதுக்குக் கீழ இன்னொரு நம்பர் காட்டுது பாருங்க சார்."

பார்த்தேன். இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நான்தான் மேலே இருந்ததை மட்டும் அமுக்கி அமுக்கி, செத்தவனுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு எண் அம்மாவுடையது. அண்ணன் அம்மாவின் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறான்.

அமுக்கினேன். அம்மாவின் இடுப்பிலிருந்து டிங் என்று சத்தம் வந்தது. அந்த பட்டன் போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொரு நம்பராகச் சொன்னாள். நான் அடித்தேன். மேடம் சொன்ன இடத்தில் எல்லாம், இந்தத் தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து அமுக்கினேன். மூலையில் இருந்த இரண்டு வரி காணாமல் போனது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். வட்டத்துக்குள் முகம் வந்தது.

ரவி மாமா அனுப்பிய ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கோதண்டம் மாமாவுக்கு அவர் படம் மட்டும் போட்டுத் தனி பேனர் ஒன்று அடித்துக்கொண்டு போய்க் காலில் விழுந்தேன். இப்போது எந்த விசேஷத்திலும் முதலில் அவர்தான் ஆரம்பிக்கிறார். "இன்னாப்பா, அந்த துபாய்க்காரருக்கு சொன்னீங்களா இல்லியா?"

அம்மா அந்தப் பேனர் கதையைச் சொல்வதில்லை. அவள் சொல்வது போன் கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள், முடிவில் என்னைக் கூப்பிட்டு, "அந்த மேடம் கிட்ட எப்படிப் பேசின, பேசிக் காட்டு" என்பாள். நான் மூக்கால் பேசுவேன், எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாதான் அதிகம் சிரிப்பாள்.

ஒரு நாள் நிஜமாகவே எனக்குச் சளி. "தொண்ட கட்டிக்கிச்சும்மா, இன்னைக்கு வாணாம்" என்றேன்.

"அவனுக்கு மட்டும் இன்னா, என்னைக்கு தொண்ட நல்லா இருந்துது?" என்றாள் அம்மா. "பேசுடா."